நாடா தீரும் வரை

எட்டாம் கலம் நேயர் மன்றம், தலைமையகம்
கிள்ளான்
14 ஜூலை 2025

அன்புள்ள மாப்பிள்ளை கமலநாதன் அவர்களுக்கு,

இங்கு நானும் லோகேஸ்வரியும் நலம். கண்புரை அறுவை சிகிச்சைக்குப் பிறகு வலக்கண் நன்றாகத் தெரிகிறது. இடக்கண் அக்டோபரில். அங்கு நீங்களும் என் தங்கை தனமும் மருமகள் மலர்விழியும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்.

நேற்று முற்பகல் 11.40 மணிக்கு, மன்றத்தின் முப்பத்தெட்டு ஆண்டு வரலாற்றில் தலையாயதெனக் கருதத்தக்க தீர்மானம் ஒன்று நிறைவேறியது. எட்டாம் கலம் தொடரின் புதிய வடிவத்தை உறுப்பினர்கள் பார்க்கலாம், ரசிக்கக் கூடாது. ஆதரவு பதினொன்று, எதிர்ப்பு நான்கு. பார்க்காமல் கண்டிப்பது நேர்மையாகாது என்றனர் ஒரு சாரார். பார்த்தால் பழகிவிடும் என்றனர் மற்றவர்கள். பொருளாளரும் என் பெரியப்பா மகனுமான சின்னையா வாக்களிக்கவில்லை. வடை ஆறுகிறது என்று மட்டும் இருமுறை நினைவூட்டினார்.

தீர்மானத்தின் முகவுரையைப் புதிய உறுப்பினர்களுக்காக நானே எழுதினேன். '1985 டிசம்பர் முதல் 1986 ஜூன் வரை இருபத்தாறு வாரம் மலேசியத் தொலைக்காட்சியில் வந்த தமிழ் விண்வெளித் தொடர். முட்டை அட்டைகளாலும் மைலோ டின் மூடிகளாலும் கட்டப்பட்ட கலம். அதன் தலைவர் கேப்டன் ஆதவராயன், இறுதிப் பாகத்தில் அனைவரையும் தப்பவைத்துவிட்டுக் கலத்தோடு எரிந்துபோனவர். அவர் எரிந்தது எரிந்ததே.' கடைசி வாக்கியத்துக்குக் கைதட்டல் கிடைத்தது.

இனி உங்கள் விஷயம். தொலைக்காட்சி நிலையம் அந்நாளைய ஒளிநாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்திக்கொண்டது. உலகில் எட்டாம் கலம் எஞ்சியிருந்தது என் அலமாரியில் மட்டுமே. நான் கண்ணில் கட்டோடு மருத்துவமனையில் கிடந்த நாளில் நீங்கள் என் வீட்டுக்கு வந்து, இருபத்தாறு நாடாக்களையும் எடுத்துப்போய், புதிய தொடர் எடுக்கும் நிறுவனத்திடம் கொடுத்திருக்கிறீர்கள். இதைப் பற்றித் தொலைபேசியில் பேச மாட்டேன். தலைமையகத்துக்கும் கிளைக்கும் இடையிலான தொடர்பு அஞ்சலில் மட்டும் என்ற ஒன்பதாம் விதியை எழுதியவர் கிளைச் செயலாளராகிய நீங்கள்தான்.

நாடாக்கள் திரும்பி வர வேண்டும். அவசரமில்லை. 26ஆம் நாடாவை மட்டும் உடனே, தனியாக, உறையைப் பிரிக்காமல் அனுப்பவும். அதில் பூஞ்சை இருக்கிறது. மற்றவற்றுக்குப் பரவும்.

தனத்துக்கு என் அன்பைச் சொல்லவும்.

இப்படிக்கு,
பரமேஸ்வரன், தலைவர்


பிரிக்ஃபீல்ட்ஸ்
22 ஜூலை 2025

மதிப்பிற்குரிய மச்சானுக்கு,

கமலநாதன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம். எனக்கு இரத்த அழுத்தம் கொஞ்சம் கூடியிருக்கிறது, மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள். உங்கள் வலக்கண் தெளிந்ததில் மகிழ்ச்சி.

டேப்புகளை நான் திருட்டுத்தனமாக எடுக்கவில்லை. "மச்சான் வந்ததும் ஒரு வார்த்த கேட்டுக்கலாமே" என்று லோகா அக்காவிடம் சொன்னேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அவர கேட்டா கொடுப்பாரா? எடுத்துட்டு போங்க லா. அந்த அலமாரில ஒரு சேல வைக்க எடமில்ல. கல்யாணம் ஆனதுல இருந்து அந்தக் கேப்டனோடதான் குடும்பம் நடத்துறேன்." பெட்டியைக் காருக்குத் தூக்கி வந்ததும் அவர்தான்.

நிறுவனம் எனக்கு மரபு ஆலோசகர் என்று பதவி கொடுத்திருக்கிறது. கேப்டனுக்கு மீசை வேண்டும் என்று ஆலோசனை சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். டேப்புகளை அங்கே ஒரு பெண் சுத்தம் செய்து கணினியில் ஏற்றுகிறார். 26 உட்பட எல்லாமே அவரிடம்தான். பூஞ்சையைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அதை எடுக்க மருந்து இருக்கிறதாம்.

நேற்று முன்தினம் மாமாவின் நினைவு நாள். தனம் படத்துக்கு விளக்கேற்றினாள். கும்பிட்டு எழுந்ததும் வழக்கம்போல் என் பக்கம் திரும்பி, "அப்பா நடந்து, பேசி, இருந்தது அந்த ஒரு கல்யாண டேப்புலதான். அதையும் பஸ்ல விட்டுட்டு வந்தீங்க" என்றாள். 1986இல் அந்த டேப்பை மஞ்சள் பையில் போட்டு என்னிடம் கொடுத்ததாக நீங்கள் சொன்னீர்கள். பையை வாங்கியதே எனக்கு ஞாபகமில்லை. ஞாபகமில்லாததுதான் தொலைத்ததற்குச் சாட்சி என்று அன்றைக்கு எல்லோரும் சொன்னார்கள். நானும் ஒப்புக்கொண்டேன்.

மலர்விழியின் கல்யாணம் ஜனவரி 25 என்று முடிவாகியிருக்கிறது. கிள்ளானில் மண்டபம். தாய்மாமன் சீர் நீங்கள்தான் செய்ய வேண்டும். மன்றத்து விஷயம் எப்படிப் போனாலும் இதில் மாற்றமில்லை.

அன்புடன்,
கமலநாதன்


கிள்ளான்
11 ஆகஸ்ட் 2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். நலமறிய ஆவல். மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பின் எடுத்துக்கொள்ளவும்.

புதிய தொடரின் முதல் பாகம் வெள்ளிக்கிழமை வெளியானது. மன்றத்தில் கூடி, தீர்மானத்துக்கு உட்பட்டுப் பார்த்தோம். ஒருவரும் ரசிக்கவில்லை. தம்புசாமி ஒருமுறை சிரித்துவிட்டார், எச்சரிக்கப்பட்டார். கருத்துகளைப் பதிவு செய்திருக்கிறேன்.

தம்புசாமி: "மீச இல்லாத ஆளு உத்தரவு போட்டா ராக்கெட்டு எப்படி கேக்கும் தலைவரே? என் பேரன் கூட கேக்க மாட்டான்."

ஓய்வுபெற்ற தாதி உஷாராணி: "கதவு சத்தமே இல்லாம தொறக்குது. பழசுல யாரோ ஒரு ஆளு பக்கத்துல நின்னு வாயால 'உஷ்'னு ஊதுவாரு. ஒரு உயிர் இருந்துச்சு லா."

அதன்பின் ஆதவராயன் வந்தார். அவர் எரியவில்லையாம். ஏதோ ஒரு நிலவில் சாப்பாட்டுக் கடை வைத்து ரொட்டி சானாய் வீசிக்கொண்டிருக்கிறாராம். பிறகு உஷாராணி, "செத்தவர எழுப்பி கடை போட சொல்லிட்டானுங்க. லைசென்ஸ் யார் கொடுத்தா?" என்றார். அதைத் தீர்மானமாக்கலாமா என்று யோசித்து வருகிறோம்.

கடைசியில் பெயர்கள் ஓடின. 'பழைய ஒளிப்பதிவுகள் வழங்கியவர்: கமலநாதன், பிரிக்ஃபீல்ட்ஸ்.' நான்கு முறை நிறுத்திப் பார்த்தேன், வலக்கண்ணால். இருபத்தாறு வாரம் விளம்பரம் வரும்போதெல்லாம் எழுந்து போய்ப் பொத்தானை அமுக்கி, விளம்பரம் முடிந்ததும் மறுபடி அமுக்கியவன் நான். அந்த விரலின் பெயர் அங்கே இல்லை.

நான் பழிவாங்கும் ஆள் இல்லை. ஆகவே விதிப்படி மட்டுமே செய்கிறேன். உங்களைக் கிளைச் செயலாளர் பொறுப்பிலிருந்து இடைநீக்கம் செய்திருக்கிறேன். அந்தப் பெயரை நீக்கக் கோரி நிறுவனத்துக்கு ஆறு கடிதங்கள் எழுதியிருக்கிறேன். வாரம் ஒன்று தொடரும். உங்கள் அச்சகத்தில் மன்ற உறுப்பினர் எவரும் இனி அழைப்பிதழ் அடிக்கப்போவதில்லை. மலர்விழி கல்யாணத்தில் உங்களோடு ஒரே மேடையில் நிற்பேன், மருமகளுக்காக. பேச மாட்டேன்.

பஸ் விஷயத்தை ஏன் இன்னும் மனத்தில் வைத்திருக்கிறீர்கள்? நாங்கள் என்றோ மன்னித்துவிட்டோம். "மாப்பிள்ளைக்கு மறதி, விட்டுடு" என்று தனத்திடம் ஆண்டுதோறும் சொல்பவன் நான்தான்.

26ஆம் நாடா இன்னும் வரவில்லை.

இப்படிக்கு,
பரமேஸ்வரன்


19 ஆகஸ்ட் 2025

மதிப்பிற்குரிய கமலநாதன் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இருபத்தாறு நாடாக்களும் கணினியில் ஏற்றப்பட்டுவிட்டன. பிரதியை இத்துடன் அனுப்புகிறேன்.

26ஆம் நாடாவைப் பற்றி ஒரு குறிப்பு. பூஞ்சை எதுவும் இல்லை. மேலே ஒட்டிய தாளுக்கு அடியில் இன்னொரு தாள் இருக்கிறது. அதில் 'தனலெட்சுமி – கமலநாதன் திருமணம், 2.2.1986' என்று எழுதியிருக்கிறது. திருமணம் பதிவான நாடாவின் தொடக்கத்திலிருந்து அதன் மேலேயே இறுதிப் பாகத்தைப் பதிந்திருக்கிறார்கள். பாகம் ஐம்பத்திரண்டு நிமிடத்தில் முடிகிறது. அதற்குப் பிறகு, அழியாமல் மிஞ்சிய திருமணம் பத்தொன்பது நிமிடம் ஓடுகிறது. பந்தி மட்டும்தான் இருக்கிறது. தாலி கட்டுவது இல்லை.

பந்தியில் ஒரு பெரியவர் பாயசம் குடித்தபடி கேமராவைப் பார்த்துப் பேசுகிறார். பதினொரு வினாடி. குரல் தெளிவாக இருக்கிறது. தங்கள் உறவினராக இருக்கலாம் என்று நினைத்து அந்தப் பகுதியைத் தனியாகவும் சுத்தம் செய்து வைத்திருக்கிறேன்.

நிறுவனத்துக்கு இது தேவைப்படாது. தங்களுக்குத் தேவைப்படும்.

பணிவுடன்,
ஷைமா
ஒளிநாடாப் பிரிவு


பிரிக்ஃபீல்ட்ஸ்
2 செப்டம்பர் 2025

மதிப்பிற்குரிய மச்சானுக்கு,

நலம். நீங்களும் லோகா அக்காவும் நலமாக இருக்க வேண்டுகிறேன். கண்ணைக் கசக்க வேண்டாம்.

இடைநீக்கத்தை ஏற்றுக்கொள்கிறேன். அது நியாயமானது.

ஒரே ஒரு சந்தேகம், மன்ற வரலாற்றுக்காக. இறுதிப் பாகம் வந்த அன்று நோன்புப் பெருநாள் என்று ஞாபகம். கடைகள் எல்லாம் மூடியிருந்திருக்கும். அன்று பதிவு செய்ய டேப் எங்கே கிடைத்தது?

தனம் நன்றாக இருக்கிறாள். உங்களைக் கேட்டதாகச் சொன்னாள்.

அன்புடன்,
கமலநாதன்


கிள்ளான்
27 செப்டம்பர் 2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். பதில் தாமதமானதற்கு மன்ற வேலைகளே காரணம்.

நீங்கள் கேட்ட நாடா, முதல் வாரமே முன்யோசனையோடு வாங்கி வைத்தது. கிள்ளான் ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு கடை இருந்தது. கண்ணாடித்தாள் சுற்றிய புது நாடா. கடைக்காரர் பெயர் மறந்துவிட்டது; நல்ல மனிதர், காலமாகிவிட்டார்.

நிறுவனம் செய்த அடுத்த அநியாயத்தை அறிந்திருப்பீர்கள். பழைய பாகங்களை இக்கால நேயர்களுக்குப் பொறுமையில்லை என்று நாற்பது நிமிடமாக வெட்டி வெளியிட்டிருக்கிறது. கேப்டன் யோசிக்கும் இடங்கள் அனைத்தும் போயின. அவசரக் கூட்டம் கூட்டினேன். வாழ்நாளில் இப்படிப் பேசியதில்லை. "ஒரு வினாடியை வெட்டினாலும் அது கொலை" என்றேன். நவம்பர் 16, மன்றத்தின் ஆண்டு விழாவில், பிரிக்ஃபீல்ட்ஸ் மண்டபத்தில், மூல இறுதிப் பாகத்தை வெட்டாமல் திரையிடுவது என்று தீர்மானம்.

உஷாராணி எழுந்து ஒரு திருத்தம் கொண்டுவந்தார். "வெட்டாம போடுவோம்னு அவனுங்களும்தான் சொன்னானுங்க. நம்ம தீர்மானத்துல தெளிவா இருக்கணும். மொத வினாடியிலேர்ந்து நாடா தீர்ற வரைக்கும். யாரும் நடுவுல எழுந்து போகக் கூடாது." பதினாறுக்குப் பூச்சியம். சின்னையாகூடக் கை தூக்கினார். தலைவர் என்ற முறையில் கையெழுத்திட்டேன்.

பிரதி உங்களிடம் இருப்பதால் திரையிடும் பொறுப்பை உங்களுக்கே தருகிறேன். ஆனால் தனிப்பட்ட முறையில் ஒரு கருத்து. 26 மிகவும் சோகமானது. ஆண்டு விழாவுக்குப் பொருந்தாது. 12ஆம் பாகம் கலகலப்பானது. பிரதியை மாற்றிப் போட்டுவிட்டால், கூட்டத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பரமேஸ்வரன்


பிரிக்ஃபீல்ட்ஸ்
5 அக்டோபர் 2025

மதிப்பிற்குரிய மச்சானுக்கு,

இங்கு சுகம். இடக்கண் சிகிச்சை நல்லபடி முடியப் பிரார்த்திக்கிறேன். விழாவுக்குள் கட்டைப் பிரித்துவிடுவார்கள் என்று லோகா அக்கா சொன்னார். நிம்மதியாக இருந்தது.

தீர்மானம் தீர்மானம்தான், மச்சான். தலைவர் கையெழுத்திட்டதை இடைநீக்கம் செய்யப்பட்டவன் மாற்றினால் நன்றாக இருக்காது. 26தான் போடுகிறோம். வெட்டும் வேலை எதுவும் செய்யமாட்டேன்.

முன்வரிசையில் குடும்பத்துக்கு எட்டு நாற்காலி ஒதுக்கியிருக்கிறேன். உங்களுக்கு நடுவில். பக்கத்தில் தனம். "எனக்கு அந்த ராக்கெட் கதையெல்லாம் வேணாங்க. உக்காந்தா தூங்கிருவேன்" என்றாள். இந்த ஒரு தடவை மட்டும் வா என்று கேட்டுக்கொண்டேன். எனக்காகப் புதுச் சேலை எடுத்திருக்கிறாள்.

அன்புடன்,
கமலநாதன்


கிள்ளான்
22 அக்டோபர் 2025

என் அன்புக்குரிய மாப்பிள்ளைக்கு,

தீபாவளி சிறப்பாகக் கழிந்திருக்கும். லோகேஸ்வரி கொடுத்தனுப்பிய முறுக்கு நொறுங்காமல் வந்ததா? தனத்தின் முழங்கால் எப்படி இருக்கிறது? மலர்விழிக்குச் சீர்ச் சேலை பார்த்துவிட்டேன். அரக்கு நிறம்.

நாம் கிழவர்கள். ஒரு தொடருக்காக இவ்வளவு கசப்பு வேண்டுமா என்று கண்ணில் கட்டோடு யோசித்தேன். உங்கள் இடைநீக்கத்தை ரத்து செய்கிறேன். நிறுவனத்துக்குக் கடிதம் எழுதுவதை நிறுத்திவிட்டேன். அந்தப் பெயர் அங்கேயே இருக்கட்டும், உங்களுக்குத் தகும். அடுத்த ஆண்டு தலைவர் பதவிக்கு உங்கள் பெயரை நானே முன்மொழிகிறேன்.

விழாவன்று புரொஜெக்டர் பழுதாகிவிட்டது என்று அறிவிக்கலாம். இப்படி எத்தனையோ மண்டபங்களில் நடக்கிறது. அல்லது கேப்டன் எரிந்ததும் விளக்கைப் போட்டுவிடுங்கள். அதற்கு மேல் நாடாவில் புள்ளிகள்தான் இருக்கும், பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
மச்சான் பரமேஸ்வரன்


பிரிக்ஃபீல்ட்ஸ்
1 நவம்பர் 2025

மதிப்பிற்குரிய மச்சானுக்கு,

சுகம். முறுக்கு நன்றாக இருந்தது. தனத்தின் முழங்கால் பரவாயில்லை, படி ஏறுகிறாள்.

உங்கள் பெருந்தன்மைக்கு நன்றி. புரொஜெக்டரைச் சோதித்துவிட்டேன். நன்றாக வேலை செய்கிறது. கூடுதலாக இன்னொன்றும் சொல்லி வைத்திருக்கிறேன்.

உங்களுக்குத் தெரியாத ஒரு பழைய சேதி. 1986 ஆகஸ்டில் மூன்று சனிக்கிழமை கிள்ளான் பஸ் நிலையத்துக்குப் போனேன், அந்த டேப்பைத் தேடி. தொலைந்த பொருள்களைக் காட்டினார்கள். குடைகள் இருந்தன. ஒரு பல்செட் இருந்தது. மூன்றாவது வாரம் என்னைப் பார்த்ததுமே அங்கிருந்தவர் நாற்காலி போட்டார். "மறுபடியும் வந்துட்டீங்களா தம்பி" என்றார். எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். வெறும் கையோடு வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டியது இன்னும் ஞாபகம் இருக்கிறது. மறதிக்காரனுக்கு இதெல்லாம் எப்படி ஞாபகம் இருக்கிறது என்று தெரியவில்லை.

16ஆம் தேதி காலை பத்து மணி. நாடா தீரும் வரை.

அன்புடன்,
கமலநாதன்


கிள்ளான்
3 டிசம்பர் 2025

மாப்பிள்ளைக்கு,

நலம்.

நீங்கள் வென்றீர்கள். நடந்ததை மன்றக் குறிப்பேட்டில் எப்படி எழுதுவது என்று தெரியாமல் உங்களுக்கே எழுதிப் பார்க்கிறேன்.

கேப்டன் எரிந்தார். நூற்றெண்பது பேர் அழுதார்கள். புள்ளிகள் வந்தன. யாரும் எழவில்லை, தீர்மானம் அப்படி. பிறகு நாதஸ்வரம் கேட்டது. வாழையிலைகள். இருபத்தாறு வயதில் நீங்கள், மீசையோடு, அதற்குக் கைதட்டினார்கள். பிறகு அப்பா. பாயசத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்து, "தம்பி, நீ சாப்பிட்டியா? அத கீழ வச்சிட்டு மொதல்ல வந்து உக்காரு" என்றார். என் பக்கத்து நாற்காலி அசைந்தது. நான் திரும்பவில்லை.

அப்போது உஷாராணி எழுந்து, "பாத்தீங்களா, இதத்தான் இத்தன வருஷமா நம்மகிட்ட மறச்சிருக்கானுங்க. கேப்டன் செத்தாலும் பூமில கல்யாணம் நடக்குது. அந்தப் பெரியவர்தான் கேப்டனோட அப்பா" என்றார். மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. தனம் அந்தக் கைதட்டலுக்கு நடுவில் வெளியே போனாள்.

கடந்த ஞாயிறு மன்றம் கூடி, அந்தப் பத்தொன்பது நிமிடத்தை இருபத்தேழாம் பாகமாக ஏற்பதா என்று விவாதித்தது. ஒன்பதுக்கு ஆறு என்று ஏற்றது. அது தொடரில் சேராது என்று நான் சொல்ல வேண்டுமானால், அது என்ன என்றும் சொல்ல வேண்டியிருந்தது. ஆகவே நடுநிலை வகித்தேன்.

அந்தக் கண்ணாடித்தாள் நாடா பொய். வீட்டில் வெற்று நாடா இல்லை. நம் குடும்பத்தில் ரெக்கார்டர் என்னிடம் மட்டும் இருந்ததால் உங்கள் கல்யாண நாடாவும் என்னிடம்தான் இருந்தது. நிகழ்ச்சி தொடங்க ஐந்து நிமிடம். அப்பா அப்போது கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். உயிரோடு இருப்பவருடைய படத்தை அழிப்பதில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நாற்பத்தொரு நாளில் அது தவறாகிவிட்டது. தனம் நாடாவைக் கேட்டு வந்து நின்றாள். மஞ்சள் பை என்று வாயில் வந்தது.

அவள் என் போனை எடுப்பதில்லை. நீங்கள் சொன்னால் கேட்பாள். சீர்ச் சேலை ரவிக்கை தைக்கக் கொடுக்காமல் அப்படியே இருக்கிறது.

பரமேஸ்வரன்


பிரிக்ஃபீல்ட்ஸ்
20 டிசம்பர் 2025

மச்சானுக்கு,

உடல் நலம்தான்.

நான் சொன்னால் கேட்பாள் என்று எழுதியிருக்கிறீர்கள். விழா முடிந்த மறுநாளே அவள் மலர்விழியோடு பூச்சோங் போய்விட்டாள். நாலு சேலையும் மாமாவின் படமும் எடுத்துப் போனாள். நானும் சொல்லாமல் இருந்திருக்கிறேன், மச்சான். உங்களுடையது முப்பத்தொன்பது வருடம், என்னுடையது மூன்று மாதம் என்று அவளிடம் கணக்குச் சொன்னேன். "ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள்.

அன்றைக்குச் சொல்வதற்கு ஒரு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். 'நான் பஸ்ஸில் விடவில்லை, தனம்.' கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்திருக்கிறேன். விளக்கு வந்தபோது அவள் நாற்காலி காலியாக இருந்தது. ஷைமா என்ற அந்தப் பெண்ணின் கடிதத்தை என் மேசையில் பார்த்திருக்கிறாள். தேதியையும் பார்த்திருக்கிறாள்.

நானூறு அழைப்பிதழ் அடித்து வைத்திருக்கிறேன். கொடுக்கலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. அடுத்த சனிக்கிழமை இருவரும் சேர்ந்து பூச்சோங் போய்ப் பார்க்கலாமா? நீங்கள் கிள்ளானிலிருந்து வரும் வழியில் பிரிக்ஃபீல்ட்ஸ் இல்லை. ஆனாலும் வந்து ஏற்றிக்கொள்ளுங்கள். தனியாகப் போகத் தைரியமில்லை.

கமலநாதன்


பூச்சோங்
28 ஜனவரி 2026

அண்ணனுக்கும், மலர் அப்பாவுக்கும்,

இருவரும் நலமாக இருப்பீர்கள். ஒரே விஷயத்தை இரண்டு முறை எழுத எனக்குப் பொறுமையில்லை. அசல் அண்ணனுக்கு, ஜெராக்ஸ் இவருக்கு. அண்ணன் இடக்கண்ணுக்குச் சொட்டு மருந்தை நிறுத்த வேண்டாம். இவருடைய மாத்திரை ஐஸ் பெட்டிக்கு மேல் நீல டப்பாவில் இருக்கிறது.

அன்றைக்கு இருவரும் வாசலில் வந்து நின்றபோது, நீங்கள் கொண்டு வந்த பையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தியது மரியாதை இல்லைதான். காரில் இருந்து இறங்கும்போதே யார் முதலில் பேசுவது என்று நீங்கள் தள்ளிக்கொண்டது ஜன்னலில் தெரிந்தது.

அண்ணே, டேப்பை அழித்ததை ஒரு வாரத்தில் மறந்திருப்பேன். அப்போது சொல்லியிருந்தால் திட்டிவிட்டு, மிச்சமிருக்கிற பந்தியைப் போட்டுப் பார்த்திருப்பேன். அப்பா குரல் வீட்டில் எத்தனை முறையோ கேட்டிருக்கும். நீங்கள் கொடுத்த பஸ் கதையை வைத்துக்கொண்டு ஒரு மனுஷனை ஒவ்வொரு நினைவு நாளிலும் குத்தியிருக்கிறேன். என் வாயால் குத்த வைத்தது நீங்கள்.

மலர் அப்பாவுக்கு. உங்களுக்கு ஆகஸ்டிலேயே தெரிந்திருக்கிறது. அதற்குப் பிறகு மூன்று மாதம் என் கையால் சோறு வாங்கிச் சாப்பிட்டீர்கள். அப்பாவை ஒரு நாள் நம் வீட்டுக் கூடத்தில் எனக்குக் காட்டியிருக்கலாம். நூற்றெண்பது பேருக்கு நடுவில் புதுச் சேலை கட்டி உட்கார வைத்துக் காட்டினீர்கள். அப்பா பேசினபோது நான் உங்களைத்தான் தேடினேன். நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அண்ணன் முகம் எப்படிப் போகிறது என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

ஷைமாவை நேரில் போய்ப் பார்த்தேன். நல்ல பிள்ளை, நாற்காலி போட்டு, தேநீர் கொடுத்து, பதினொரு வினாடியை எத்தனை தடவை கேட்டாலும் போட்டுக் காட்டினாள். 26ஆம் டேப்பை என்னிடம் கொடுக்கச் சொன்னேன், கொடுத்தாள். கணினியில் இருந்த கல்யாணத்தையும் என் கண் முன்னால் அழித்தாள். உங்கள் பிரதியை மலர்விழி எடுத்து வந்துவிட்டாள். மன்றத்திலிருந்து உஷாராணி போன் செய்து, இருபத்தேழாம் பாகத்தைத் திரும்பக் கேட்டார். "அந்தப் பெரியவர் யாருன்னு மட்டுமாவது சொல்லுங்கக்கா" என்றார். சொல்லவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

தனலெட்சுமி

பி.கு. கிள்ளான் மண்டபத்தை டிசம்பரிலேயே வேண்டாமென்று சொல்லிவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இங்கே கோயிலில் மலர்விழிக்குத் தாலி ஏறியது. தாரை வார்த்துக் கொடுத்தது சின்னையா அண்ணனும் அவர் சம்சாரமும். தாய்மாமன் சீரையும் அவரே செய்தார். பதினெட்டுப் பேர் சாப்பிட்டோம். வீடியோ எடுக்கவில்லை.